வேலை ஓரிடம், வீடு வேறிடம்: தலைநகர் வட்டாரத் திட்டமிடலின் வர்க்க முகம்

தில்லியின் எல்லையில், குருகிராமை ஒட்டி அமைந்திருக்கிறது கபசேரா. அதை அடுத்தே உத்யோக் விஹார் தொழிற்பேட்டை. ஏற்றுமதி ஆடை ஆலைகள் நிறைந்த பகுதி. அங்கு தையல் இயந்திரங்களை இயக்கும் பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்கள் கபசேராவின் ஒற்றை அறைகளில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். பல அறைகளுக்குப் பொதுவாக ஓரிரு கழிப்பறைகள். 2020 மே மாதத் தொடக்கத்தில் அங்குள்ள ஒரே கட்டடத்தில் 41 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. இடைவெளி விட்டு இருங்கள் என்றது அரசு. அந்தக் கட்டடத்தில் இடைவெளி விட இடமே இருக்கவில்லை.

அதே காலத்தில், தில்லியின் வடமேற்கு விளிம்பில் பவானா, கோகா, சாவ்தா கேவ்ரா ஆகிய இடங்களில், ஏழைகளுக்கென அரசுப் பணத்தில் கட்டப்பட்ட பல்லாயிரம் அடுக்குமாடி வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. நாடு முழுவதும் இவ்வாறு காலியாகக் கிடக்கும் அரசு வீடுகள் சுமார் 1.08 லட்சம் என 2020இல் ஒன்றிய அரசே கூறியது. நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என 2012இல் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டிருந்தது. அதில் 95 சதவீதத்திற்கும் மேல் நலிந்த பிரிவினரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும் எதிர்கொள்ளும் பற்றாக்குறை. ஒருபுறம் வீடின்றி மக்கள். மறுபுறம் மக்களின்றி வீடுகள்!

இந்த முரண்பாடு தற்செயலானதல்ல. 2004இல் யமுனைக் கரையின் புஷ்டா குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, மாற்றிடம் பெற்ற குடும்பங்களில் பல, சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால் பவானாவிற்கு அனுப்பப்பட்டன. வீட்டுவேலை செய்துவந்த பெண்கள் அந்த வேலையையே இழந்தனர். மூலதனம் வீட்டுப் பிரச்சனையைத் தீர்ப்பதில்லை, அதை வேறிடத்திற்கு நகர்த்துகிறது என்று 1872இல் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

தலைநகர் வட்டாரத்திற்குத் திட்டமிடல் இல்லாமலில்லை. தில்லி, ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் பகுதிகளை இணைத்துத் திட்டமிடுவதற்காகவே 1985இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி வாரியம் அமைத்தது. ஆனால் நடந்தது என்ன? மானேசரில் விவசாயிகளின் நிலத்தை அரசு கையகப்படுத்தி ஆலைகளுக்கு மனைகளாக ஒதுக்கியது. விரைவுச் சாலை வந்தது. கார் ஆலை வந்தது. அங்கு உழைக்கப்போகும் பல்லாயிரம் பேர் எங்கே வாழ்வார்கள் என்ற கேள்விக்குத் திட்டத்தில் உரிய இடம் தரப்படவில்லை. சுற்றியுள்ள கிராமங்களில் முளைத்த வாடகை அறைகளே அதற்கு விடையாயின. வாடகை ஒப்பந்தம் இல்லை. பல இடங்களில் அறைக்காரரின் கடையிலேயே மளிகை வாங்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. குடியிருப்புச் செலவு முழுவதையும் தொழிலாளியின் கூலி மீது சுமத்திவிட்டு, நிறுவனங்கள் லாபத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

சந்தை காட்டும் தீர்வு யாருக்கானது? 2013இல் ஹரியானா அரசு அறிவித்த குறைந்த விலை வீட்டுக் கொள்கை, குருகிராமில் சதுர அடிக்கு 4,000 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. பின்னர் அதுவும் உயர்த்தப்பட்டது. பழைய விலையிலேயே 300 சதுர அடி வீடு 12 லட்சம் ரூபாய். 2024இல் அம்மாநிலத்தில் திறன்சாராத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி மாதம் சுமார் 11,000 ரூபாய். உண்ணாமல் உடுத்தாமல் ஒன்பது ஆண்டு சேர்த்தால்தான் அந்த வீடு! பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் ஒப்புதல் பெற்ற வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, சொந்த மனை உள்ளவர் தாமே கட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. மனையற்ற புலம்பெயர் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட வாடகைக் குடியிருப்புத் திட்டமோ, காலி வீடுகளை 25 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைக்கவும் வழிவகுத்தது. வேலையிடத்திலிருந்து தொலைவில் கிடக்கும் வீடு, கை மாறினால் மட்டும் அருகில் வந்துவிடாது.

போராட்டம் வேறு வழியைக் காட்டியிருக்கிறது. சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள் செங்கொடியின் கீழ் நெடுங்காலம் போராடி, 2006இல் 10,000 வீடுகள் கொண்ட குடியிருப்பைப் பெற்றனர். அதன் தொடர்ச்சியாக 30,000 வீடுகளுக்கான ரே நகர் உருவானது. 2024 ஜனவரியில் முதல் 15,000 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. பீடித் தொழில் வீடு தேடி வரும்; தையல் ஆலையும் கார் ஆலையும் வராது. எனவே அங்கு வீடுதான் ஆலையை நெருங்கி வர வேண்டும்.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் நிலம் ஒதுக்கப்பட வேண்டும். அதில் விற்பனைக்கல்லாமல் வாடகைக்கான பொதுக் குடியிருப்புகள் எழ வேண்டும். நிறுவனங்கள் அதற்குப் பங்களிக்கச் சட்டம் வேண்டும். குடிபெயர்வோர் தங்கும் அறைகளுக்கும் வாடகைப் பாதுகாப்பும் சுகாதார வசதியும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இவற்றை முடிவு செய்வது யார் என்பதே மையமான கேள்வி. 10 லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதிகளில் திட்டக் குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243இசட்இ பிரிவு. நடைமுறையிலோ, குருகிராமில் 2017இல் உருவாக்கப்பட்டதைப் போல, முதலமைச்சர் தலைமையிலான ஆணையங்களே நகரங்களை ஆள்கின்றன. இந்தப் பிரிவை உயிர்ப்பிக்கும் போராட்டத்தை ஆலை வாயிலோடு நிறுத்தாமல், தொழிலாளி உறங்கும் அறைவரை கொண்டுசெல்வது தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமையாகும்.