நிலமும் பொழுதும்



நம் சங்கக் கூட்டங்களில் மூன்று குறைகளை அடிக்கடி கேட்கின்றேன். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பது ஒன்று. ஓய்வு என்பதே இல்லை என்பது மற்றொன்று. மூன்றாவதை எவரும் உரக்கச் சொல்வதில்லை. கூட்டம் கலைந்தபின், தேநீர்க் கடை வாயிலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்வர். "காதல் எல்லாம் நமக்கு எங்கே வாய்க்கப் போகிறது?" என்பதுவே அது. இம்மூன்றையும் தனித்தனிக் குறைகளாக நாம் எண்ணி வருகின்றோம். மூன்றும் ஒன்றே என்பது என் துணிபு.

அகத்திணைக்கு இலக்கணம் கூறிய தொல்காப்பியர், முதல், கரு, உரி எனப் பொருள்களை மூன்றாக வகுத்தார். கூடலும் பிரிதலும் ஊடலும் உரிப்பொருளில் அடங்கும். முதற்பொருள் எது? நிலமும் பொழுதும். நிற்பதற்கு ஓரிடமும், காண்பதற்கு ஒரு வேளையும் இருந்தால்தான் காதலைப் பற்றிப் பேசவே முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். நான் அறிவியல் மாணவன். இடத்தையும் காலத்தையும் இனித் தனித்தனியே வைத்து எண்ண இயலாது என்று மின்கோவ்ஸ்கி என்ற கணித அறிஞர் 1908-ஆம் ஆண்டில் கொலோன் நகரில் சொற்பொழிவாற்றினார். அதைப் படித்தபோது எனக்கு முதற்பொருள் நினைவிற்கு வந்தது. இரண்டும் ஒன்றென்று நான் சாதிக்க வரவில்லை. அவ்வாறு சாதிப்பது அறிவியலுக்கும் நன்றன்று, தமிழுக்கும் நன்றன்று. ஆயினும், வீடும் ஓய்வும் இல்லாதவன் காதலுக்கு ஏங்கினால், அவன் முதற்பொருளின்றி உரிப்பொருளைத் தேடுகின்றான் என்று சொல்லலாம் அல்லவா?

நிலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தார்நாக்காவிலோ ஹப்சிகூடாவிலோ 'டு-லெட்' பலகை தொங்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டிப் பாருங்கள். நம் பெயரைக் கேட்குமுன், "பேச்சிலரா, ஃபேமிலியா?" என்று கேட்பர். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். தப்பித் தவறி வீடு கிடைத்தாலும் ஒப்பந்தம் பதினொரு மாதத்திற்கே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவுச் செலவையும் தொல்லையையும் தவிர்க்கவே இந்தப் பதினொரு மாதக் கணக்கு வழக்கில் வந்தது. நான் இந்நகருக்கு வந்த இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது வீடு. பாய், குக்கர், புத்தகப் பெட்டி ஆகியவை ஓர் ஆட்டோவில் அடங்கிவிடுகின்றன. அடங்காதவையும் உண்டு. கடன் கொடுத்துப் பழகிய கிராணாக் கடைக்காரர், நம்மைத் 'தம்முடு' என்றழைத்த எதிர்வீட்டு அம்மையார், மாலையில் அதே வழியில் வந்து நின்று பேசிய ஒருவர். இவர்களை எந்த ஆட்டோவில் ஏற்றுவது? வேர்விடுமுன் பிடுங்கி நடப்படும் செடியில் பூவை எதிர்பார்க்கலாமா?

இனிப் பொழுது. ஆறு நாட்களை ஆய்வுக்கூடம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது ஞாயிறு. அன்று துணி துவைத்து, ஊருக்குப் பேசி, உண்டு உறங்கியபின் மிஞ்சும் இரண்டு மூன்று மணி நேரத்தைக் கைப்பேசி விழுங்கிவிடுகிறது. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். போக்கிய பொழுது போனதுதான். ஓய்வு என்பது வேறு. மற்றொருவர் பேசுவதை அவசரமின்றிக் கேட்கும் நேரம் அது. அந்நேரம் நம்மிடம் இல்லாததால், கைப்பேசித் திரையில் முகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகின்றோம். துணிக்கடையில் புடவை பார்ப்பவர்கூட ஒரு புடவைக்கு அதைவிட அதிக நேரம் செலவிடுவார்.

"படிக்க வந்தோமா, காதலிக்க வந்தோமா?" என்று ஒரு சாரார் கேட்பர். நேர்மையான கேள்விதான். நம் பெற்றோர் நகையை அடகு வைத்து நம்மை இங்கு அனுப்பியிருக்கக் கூடும். ஆனால் கல்விக்காகப் பிரிதலை ஒரு பிரிவாகவே ஏற்ற தொல்காப்பியம், அப்பிரிவு மூன்று ஆண்டைக் கடத்தலாகாது என்று எல்லையும் இட்டது. நமக்கோ எல்லையே இல்லை. முதுகலை முடியட்டும் என்கிறோம். பின்பு ஆராய்ச்சிப் பட்டம், பின்பு வேலை, பின்பு கடன். வாழ்வை அடுத்த வீட்டிற்கு, அடுத்த ஆண்டிற்கு என்று தள்ளிவைப்பதைக் கடமை என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. ஐதராபாத்தில் வாழ்ந்த வங்காளக் குடும்பத்தில் பிறந்தவர் சரோஜினி. அவர் வேறு சாதியினரான கோவிந்தராஜுலு நாயுடு என்ற மருத்துவரை விரும்பினார். இரு குடும்பத்தாரும் எதிர்த்தனர். 1895-இல் நிஜாமின் உதவித்தொகையோடு சரோஜினி இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். கல்வி ஒரு காரணம்; பிரித்துவைத்தல் மற்றொரு காரணம். அவர் 1898 செப்டம்பரில் திரும்பினார். டிசம்பரில், நம் சென்னையில், அவரையே மணந்தார். கணக்கிட்டுப் பாருங்கள், பிரிவு மூன்று ஆண்டுகள்! அவர் வாழ்ந்த 'கோல்டன் திரெஷோல்டு' என்ற வீடு இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. 1974-இல் ஐதராபாத் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அவ்வீட்டில்தான். காதலித்து மணந்தவர் வாழ்ந்த வீடு கல்விக்கு இடம் தந்தது. கல்விக்கும் காதலுக்கும் பகை என்பார் அங்கே ஒருமுறை சென்று வரட்டும்.

எல்லார்க்கும் அத்தகைய முடிவு வாய்ப்பதில்லை. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் நாம் அறியவேண்டிய ஒன்று. மணப்போர் இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் முப்பது நாட்கள் தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டியபின் மறுப்புக்காக மேலும் முப்பது நாட்கள் காத்திருக்க வேண்டும். சட்டமும் நிலத்தையும் பொழுதையும்தான் கேட்கிறது! மணப்பவருள் ஒருவர் அங்கே நிலையாகக் குடியிருப்பவர் அல்லர் என்றால், அறிவிப்பின் படி ஒன்று அவருடைய சொந்த மாவட்டத்திற்கும் சென்று அங்கும் ஒட்டப்படும். நாம் வீடு மாறினாலும் ஊர் நம்மை விடுவதில்லை. சங்க காலத்து ஊரார் அலர் தூற்றினர், அவ்வளவே. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் என்ற பொறியியல் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2018 செப்டம்பரில் இதே தெலங்கானாவின் மிரியாலகுடாவில், கருவுற்ற மனைவியுடன் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பிரணய் கொல்லப்பட்டார். சாதி கடந்து மணந்தனர் என்பதைத் தவிர இவ்விருவரும் செய்த தீங்கு யாது? காதலைக் கதையிலும் திரையிலும் கொண்டாடிவிட்டு, வாழ்வில் அதற்கு ஓர் அறையும் ஒரு மாலையும் தர மறுக்கும் சமுதாயம் எத்தகையது?

எனவே, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, வீட்டுக் குறிப்பேடு ஒன்று வேண்டும். சாதியோ, உணவோ, மணமானவரா என்பதோ கேளாமல் மாணவர்க்கு வீடு தருவோர் முகவரிகளை, படிப்பு முடித்துச் செல்வோர் அதில் எழுதி வைத்துச் செல்லட்டும். ஒருவர் காலி செய்யும் வீடு அடுத்தவர்க்குப் போய்ச் சேரட்டும்.

இரண்டாவது, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒன்றுகூடுவோம். தலைமையுரையும் நன்றியுரையும் அன்று வேண்டா. ஹுசேன் சாகர்க் கரையில் நடப்போம், பேசுவோம். பல விடுதிகளில் நம் தோழியர்க்குக் கதவு முன்னதாகவே அடைபடுகிறது. ஆதலின் அவர்கள் வரக்கூடிய வேளையையே கூட்டத்தின் வேளையாக வைப்போம். பாதிப்பேர் வர இயலாத ஓய்வு யாருடைய ஓய்வு?

மூன்றாவது மிகச் சிறியது. சிறப்புத் திருமணத்திற்குச் சாட்சிகள் மூவர் கையொப்பமிட வேண்டும். உற்றார் அஞ்சி விலகும் நாளில், அயலூரில் வாழும் ஒரு மாணவன் அம்மூவரை எங்கே தேடுவான்? நம்முள் ஒருவர் அத்தகைய தேவையோடு வந்தால், 'எதற்கு வம்பு' என்று ஒதுங்காமல், கையொப்பமிட மூவர் எழுந்து வரவேண்டும். இச்சங்கத்தில் அந்த மூவர் இருக்கின்றனர் என்று நான் நம்புகின்றேன். அவருள் ஒருவனாக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் இருவர் வேண்டும்.