கோடையில் அடுப்படிக்கும் ஓய்வு வேண்டும்



சித்திரை வெயிலில் நம் இல்லங்களில் அதிகம் வாடுவோர் அடுப்படியில் நிற்கும் பெண்களே. சோறு, ஆணம், பொரியல் என அனைத்தையும் உச்சிப்பொழுதில் சமைத்து முடித்து, வியர்வை காயும் முன்பே லுஹர் தொழுகைக்கு விரைகின்றனர். வாரத்தில் இரண்டு நாள்களேனும் மதிய உணவைக் குளிர்ந்த, எளிய உணவாக மாற்றிக்கொண்டால் என்ன? அதற்கு ஏற்றது பாஸ்தா சாலட் என்பது நம் கருத்து.

அது வசதி படைத்தோர் உணவு எனச் சிலர் எண்ணலாம். பாஸ்தா என்பது கோதுமை ரவையைப் பிசைந்து, வடிவம் கொடுத்து உலர்த்தியதுதான். நம் சேமியாவுக்கு உறவு. செலவைக் கூட்டுபவை அதில் சேர்க்கப்படும் மயோனைஸும் சீஸுமே. அவ்விரண்டும் இல்லாமலேயே சுவை கூடும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததை நாம் அறிவோம். சீஸ் வாங்குவோரோ, அதைத் திரிக்கும் ரென்னெட் ஹலாலானதா என்றும் பார்க்க வேண்டியுள்ளது.

நால்வருக்கு 250 கிராம் மக்ரோனி போதும். உப்பிட்ட கொதிநீரில் எட்டு முதல் பத்து நிமிடங்கள் வேகவைத்து வடித்து, குளிர்ந்த குடிநீரில் அலசுங்கள். இரவே ஊறவைத்து அவித்த 100 கிராம் கொண்டைக்கடலையைச் சேருங்கள். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், புதினா ஆகியவற்றை நறுக்கிப் போடுங்கள். இரண்டு எலுமிச்சையின் சாறு, இரண்டு கரண்டி எண்ணெய், மிளகுத்தூள், உப்பு கலந்து கிளறினால் உணவு ஆயத்தம். கடலை இருப்பதால் இறைச்சி இல்லாத குறையும் தெரியாது.

ஃபஜ்ருக்குப் பின் காற்று குளிர்ந்திருக்கும் வேளையிலேயே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். குளிர்பெட்டி இல்லாதோர் உண்ணும் நேரத்துக்குச் சற்று முன் செய்வதே நலம். கடும் வெயில் நாளில் வெந்த மாவுணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் கிருமிகள் பெருகிவிடும்.

விருந்தினர் வந்தால் இதை எப்படி வைப்பது என்ற தயக்கம் எழக்கூடும். நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியுடன் வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டதை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. எளிய உணவு விருந்தின் கண்ணியத்தைக் குறைத்துவிடாது. கடன்பட்டுச் சமைத்து, மிஞ்சியதைக் கொட்டும் விருந்தே நாம் வெட்கப்பட வேண்டியது.

ஆண்களுக்கும் ஒரு சொல். நபி (ஸல்) அவர்கள் இல்லத்துப் பணிகளில் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்பதை மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். வெள்ளரி நறுக்கவும் எலுமிச்சை பிழியவும் தனித்திறமை தேவையில்லை. விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஜும்ஆ நாளிலேயே தொடங்கலாமே!

வீண்விரயமற்ற உணவையும், ஒருவர் சுமையை மற்றவர் பகிரும் இல்லங்களையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.