கொட்டாங்குச்சிக் கரி பாலாற்றுக் கிணறுகளைக் காப்பாற்றுமா?

உமி, கரும்புச் சக்கை, கடலைத் தோல், கொட்டாங்குச்சி போன்ற விவசாயக் கழிவுகளைக் கொண்டே குடிநீரில் உள்ள நச்சு உலோகங்களை நீக்கலாம் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரக் குடும்பங்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. தோல் ஆலைக் கழிவால் கிணறுகள் கெட்டதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். இந்தச் செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

அடிப்படை உண்மைதான். கொட்டாங்குச்சியைக் காற்று அதிகம் புகாமல் எரித்துக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவி செலுத்தினால், அதில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்துப் பரப்பினால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். தண்ணீரில் உள்ள மாசு அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. பக்குவம் செய்த உமியும் சக்கையும்கூட ஓரளவு இதே வேலையைச் செய்கின்றன.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் நம் அடுப்படிக்கும் இடையே தூரம் அதிகம்.

முதலாவது, குரோமியம். தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம் எளிதில் நீரில் கரையும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் குவிந்த லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இருந்தது இந்த இரண்டாம் வகை. இதைக் கரி நன்றாகப் பிடிப்பது அமிலத்தன்மை மிகுந்த, பிஎச் 2 அல்லது 3 அளவுள்ள நீரில். நாம் குடிக்கும் நீர் பிஎச் 7ஐ ஒட்டியது. எனவே ஆய்வில் கிடைத்த பலன் அப்படியே வீட்டுக் குடத்தில் கிடைக்காது.

இரண்டாவது, உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பு, கழிவோடு சேர்ந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. கரைந்த உப்பைக் கரி அகற்றாது.

மூன்றாவது, கரி நிரம்பிய பிறகு நஞ்சு தடையின்றி வெளியே வரும். உளூவுக்கான தண்ணீரில் நிறம், சுவை, மணம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதைவிடச் சில மடங்கு கூடினாலும் கண்ணும் நாக்கும் மூக்கும் அதைக் காட்டிக்கொடுக்காது. நிரம்பிய கரியைத் தெருக்குப்பையில் கொட்டினால், மழையோடு நஞ்சு மறுபடி மண்ணில் இறங்கும். கரி நஞ்சை அழிப்பதில்லை, தன்னிடம் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தக் கரிக்கு ஏற்ற இடம் எது? ஆலையின் கழிவு வாய்க்கால்தான். அங்கே நஞ்சு ஒரே இடத்தில் செறிந்திருக்கிறது. அமிலத்தன்மையைச் சரிசெய்யவும், நிரம்பிய கரியை முறையாக அப்புறப்படுத்தவும் முடியும். அதற்கும் முன்னதாக, பதனிட்டு மிஞ்சும் நீரிலிருந்து மக்னீசியம் ஆக்சைடு மூலம் குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையைச் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கித் தந்திருக்கிறது. ஆலை வாசலில் எளிதாகத் தடுக்கக்கூடிய நஞ்சை, ஊர் முழுவதும் நிலத்தடியில் பரவிய பிறகு தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. 28 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறு அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் தொழில் நம் சமுதாயத்தவர் பலருக்குச் சோறு போட்டது. அதன் வருமானத்தில் கல்வி நிலையங்கள் எழுந்தன. ஆலை முதலாளியும் தொழிலாளியும் நிலம் இழந்த விவசாயியும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். ஆகவே இது யாரோ செய்த தவறு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 'கொட்டாங்குச்சிக் கரி இருக்கிறதே' என்று சொல்லிப் பொறுப்பைக் கழிவு வாய்க்காலிலிருந்து இல்லத்தரசியின் சமையலறைக்குத் தள்ளுவது நியாயமும் அல்ல.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை சில. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்து, குரோமியமும் உப்பும் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும். வீட்டில் எரித்த கரியைக் குடத்தில் போட்டுவிட்டு நிம்மதி அடையாதீர்கள். சோதனை முடிவு மோசமாக இருந்தால் அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்தி, மாற்றுக் குடிநீர் கேட்டு மனுக் கொடுங்கள்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அலைவதைவிட, ஜமாஅத் நிர்வாகமே ஊர்க் கிணறுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அந்தத் தாளை ஆலை நடத்துபவரும் வாசிப்பார்.