பட்டம் கொடுத்த கையோடு நூலக அட்டையைப் பறிக்கலாமா?

கடைசிப் பருவத் தேர்வு நெருங்கும்போது சென்னைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் கையில் ஒரு தாளோடு அலைவார்கள். ‘நோ டியூஸ்’ படிவம். துறை, ஆய்வுக்கூடம், விளையாட்டு, விடுதி, நூலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, அபராதம் இருந்தால் கட்டி, அட்டையையும் ஒப்படைத்தால்தான் நூலகத்தில் கையெழுத்து விழும். பொதுச் சொத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதால் இந்த நடைமுறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தோடு, மூன்றாண்டுகள் அங்கே படித்தவருக்கும் அந்த நூலகத்துக்கும் இருந்த உறவே முடிந்துபோகிறது. இது தவறு. பட்டம் பெற்ற பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தான் படித்த கல்லூரியின் நூலகத்தைப் பயன்படுத்தும் உரிமை ஒவ்வொரு பட்டதாரிக்கும் இருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் எதற்கு? படிப்பை முடித்ததும் வேலை கிடைக்கும் என்ற கணக்கு பெரும்பாலோருக்குப் பொய்த்துவிடுகிறது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலையில்லாதோர் 42 விழுக்காட்டுக்கும் மேல் என்றது. அதே அறிக்கையின்படி முப்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் இந்த விகிதம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆக, பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வேலை கடைசியில் கிடைத்துவிடுகிறது. அதுவரையிலான காத்திருப்புத்தான் கொடுமை. அந்தக் காலத்தில்தான் அரசின் உதவிகளும் நிற்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். இரண்டும் படிப்போடு முடிந்துவிடுகின்றன. மாணவருக்கான கட்டணமில்லா பஸ் பாஸும் அப்படியே. வேலையில்லாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டுதான். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். இடையில் உள்ள அந்த ஐந்து ஆண்டுகளில் தாங்குவது குடும்பம் மட்டும்தான்.

அந்தக் குடும்பம் முதலில் செலவு செய்வது உடைக்கு. இதை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் தி.நகருக்குப் போய், வேலை தேடும் பிள்ளைக்குத் துணி எடுக்க வந்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். வெளிர்நிறத்தில் முழுக்கைச் சட்டை, கறுப்பு அல்லது கருநீலப் பேன்ட், பெல்ட், கறுப்பு ஷூ. பெண்ணாக இருந்தால் பளிச்சென்று இல்லாத இரண்டு மூன்று சுடிதார் செட், துப்பட்டா, குதிகால் அதிகம் உயராத செருப்பு. ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் விலை கேட்டு, பாண்டி பஜாரில் இன்னொன்றில் கேட்டு, பேன்ட்டின் நீளம் குறைக்க ஆல்டரேஷன் கடைக்கு நடந்து, வாங்கியது மாலை வரை கசங்காமல் நிற்குமா என்று துணியைக் கையில் பிடித்துக் கசக்கிப் பார்ப்பார்கள். சென்னை வெயிலில் பேருந்தில் நின்றபடி போய் இறங்கிய சட்டையை மறுநாள் போட முடியாது. ஒரே வாரத்தில் மூன்று இடங்களுக்கு நேர்காணல் என்றால் மூன்று சட்டை வேண்டும், மூன்றுக்கும் இஸ்திரி வேண்டும். வேட்டி கட்டி வந்தவரைத் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழகம் சட்டமே போட்டது. அது வாசலைத்தான் திறந்தது, நேர்காணல் அறையின் எதிர்பார்ப்பை மாற்றவில்லை. தலைமைச் செயலக ஊழியர்கள் எதை உடுத்த வேண்டும் என்று அரசே 2019-இல் ஆணை பிறப்பித்தது. உடையைப் பார்த்து ஆளை எடைபோடும் உலகத்துக்குள் நுழைகிறவர், அந்த உலகம் கேட்கும் உடையோடுதான் போக வேண்டியிருக்கிறது. அதில் இளைஞர்களைக் குற்றம் சொல்வது அநியாயம்.

அடுத்த செலவு பரீட்சைப் புத்தகம். டிஎன்பிஎஸ்சிக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள், வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சிக்கும் கணக்கு, ஆங்கிலக் கைடுகள், மாதிரி வினாத்தாள் தொகுப்புகள், நடப்பு நிகழ்வுகளுக்கு மாதப் பத்திரிகை. பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அடிக்கோடிட்டுப் படிக்கிறவர்கள் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்குகிறார்கள், அதற்கும் காசு. உடையும் கைடும் போன பிறகு, கல்லூரியில் ஓர் ஆசிரியர் சொல்லி ஆர்வம் பிடித்துக்கொண்ட நாவலுக்கோ வரலாற்று நூலுக்கோ கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. இருந்தும் சுமாரான பருமன் உள்ள ஒரு தமிழ் நாவல் 300, 400 ரூபாய். வீட்டில் கைநீட்டிப் பணம் வாங்கும் 22 வயதுப் பிள்ளை சட்டைக்கு 600 ரூபாய் கேட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாவலுக்கு 400 ரூபாய் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. நேற்று வரை அவருக்குப் புத்தகம் இலவசம், உடை ஒரு பொருட்டில்லை. பட்டம் வாங்கிய மறுநாள் இரண்டும் ஒருசேரச் செலவாக வந்து நிற்கின்றன, இரண்டுக்கும் பணமில்லாதபோது தோற்பது எப்போதும் புத்தகம்தான். உடைச் செலவை நம்மால் குறைக்க முடியாது. புத்தகச் செலவை முடியும். புத்தகங்கள் ஏற்கெனவே வாங்கப்பட்டுக் கல்லூரி அலமாரிகளில் இருக்கின்றன.

இந்த இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. 2021-22 கணக்கின்படி தமிழகத்தில் கல்லூரி வயதினரில் 47 விழுக்காட்டினர் உயர்கல்வியில் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 28.4 தான். அந்த 47-இல் கணிசமானவர்கள் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மயிலாப்பூரில் தாத்தா காலத்துப் புத்தக அலமாரி உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி நூலகம் போனால் பெரிய நஷ்டமில்லை. ராணி மேரிக் கல்லூரியிலோ நந்தனம் அரசுக் கலைக் கல்லூரியிலோ படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவர் வாழ்க்கையில் கிடைத்த ஒரே புத்தக அலமாரி அதுதான்.

பொது நூலகம் இருக்கிறதே என்பார்கள். நியாயமான கேள்வி, தென்சென்னை இதில் கொடுத்துவைத்த ஊரும்கூட. 2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அப்போதைய அரசு முடிவெடுத்தபோது வாசகர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது, நூலகம் பிழைத்தது. அடையாறில் பிரம்மஞான சபை நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் என்று ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரும் செல்வங்களும் உண்டு. ஆனால் வேலை தேடும் பட்டதாரி அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியிலும் போட்டித்தேர்வுப் பிரிவிலும்தான். காலையிலேயே இடம் பிடித்து, சாப்பாட்டு டப்பாவோடு மாலை வரை படிக்கிறார்கள். அது அவசியம், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் அங்கே தேடிப் போவது மேசை, நாற்காலி, மின்விசிறி, அமைதி. அந்த மேசைக்கே தட்டுப்பாடு இருப்பதால்தான் அண்ணா நகரில் மாதக் கட்டணத்துக்கு ‘ரீடிங் ரூம்’ நடத்துவது ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. அரசும் 2024 நவம்பரில் கொளத்தூரில், படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகத்தைத் திறந்தது. கல்லூரி நூலகங்கள் முன்னாள் மாணவர்களுக்குத் திறந்தால் இந்த நெருக்கடியும் குறையும். பிற்பகலுக்கு மேல் பல கல்லூரிகளில் நூலகம் காலியாகத்தான் கிடக்கிறது.

கிளை நூலகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் இயற்றியது 1948-இல் சென்னை மாகாணம். அதற்காக உழைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-இலேயே சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பதை நூலக இயலின் அடிப்படையாக 1931-இல் இந்த ஊரிலிருந்து உலகத்துக்குச் சொன்னவர். அந்தச் சட்டத்தின் வழியில்தான் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீடு வைத்திருப்போர் இன்றும் அரையாண்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். ஆனால் கிளை நூலகம் பேட்டைவாசிகள் எல்லாருக்குமானது. பொருளாதாரமோ தாவரவியலோ மூன்றாண்டு படித்தவர் அதே துறையில் அடுத்த நூலைத் தேடினால் அங்கே கிடைக்காது. அது கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. மயிலாப்பூர் லஸ் நடைபாதையில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பழைய பாடநூல் வாங்கிய ஆழ்வார் கடை, கோபாலபுரத்தில் 1955 முதல் இயங்கிவரும் ஈஸ்வரி வாடகை நூலகம் போன்றவை தனியாரின் உழைப்பில் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டின. அந்த மாதிரி இடங்கள் பெருகவில்லை, அருகிவிட்டன.

எல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறது என்பது இரண்டாவது ஆட்சேபம். பழைய நூல்களுக்கு இது ஓரளவு உண்மை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அருமையான கொடை. ஆனால் இன்றைய அறிவு வெளியாகும் ஆய்விதழ்களின் கதை வேறு. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இந்த மாபெரும் திட்டத்தில், நேற்றுவரை மாணவராக இருந்து இன்று பட்டதாரி ஆனவருக்கு இடமில்லை. கல்லூரி மின்னஞ்சல் முடக்கப்பட்டால் கதவு சாத்தியது சாத்தியதுதான். குறைந்தபட்சம் நூலகத்துக்குள் வந்து அங்குள்ள கணினியில் படிக்கவாவது பட்டதாரியை அனுமதிக்கும்படி சந்தா ஒப்பந்தங்களில் எழுதி வாங்க வேண்டும்.

கல்லூரி முதல்வர்கள் சொல்லும் ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. வெளியே போனவர் புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் யாரிடம் கேட்பது? ஹால் டிக்கெட்டையோ மாற்றுச் சான்றிதழையோ நிறுத்தி வைக்கும் பிடி கல்லூரியிடம் இனி இல்லை. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். பல அரசுக் கல்லூரிகளில் நூலகப் பணியிடங்களே போதவில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் தீர்வும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சேர்க்கையின்போது கட்டிய காப்புத்தொகையைப் பட்டம் பெறும்போது திருப்பித் தராமல், விரும்புவோருக்கு மட்டும் நூலக வைப்புத்தொகையாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் இரண்டே புத்தகம் என்று வரம்பு வைக்கலாம். பாடநூல்களை இப்போது படித்துவரும் மாணவர்களுக்கே ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் வெளியே கொடுக்கலாம். அதற்கும் தயக்கம் இருந்தால், உள்ளே உட்கார்ந்து படிக்கும் அனுமதியோடு தொடங்கலாம். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்றவர்கள் பாட்லியன் நூலகத்தில் வாசகர் அட்டை பெறலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சென்னைப் பல்கலைக்கழகமே 1923 சட்டத்தின்படி பதிவுசெய்த பட்டதாரிகளுக்குச் செனட்டில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை கொடுத்தது. பட்டதாரி பல்கலைக்கழகத்தின் நிரந்தர உறுப்பினர் என்று நூறாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட ஊரில், அவர் இரண்டு புத்தகம் எடுப்பதற்கா வழியில்லாமல் போகும்?

திறந்து வைத்தாலும் வருவார்களா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: எல்லாரும் வர மாட்டார்கள், வர வேண்டும் என்பதுமில்லை. நூறு பேரில் பத்துப் பேர் வந்தால் போதும். அந்தப் பத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். கல்லூரி முடிந்த பெண் வீட்டை விட்டு வெளியே போக ஒவ்வொரு முறையும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்காணல் என்றால் விடுவார்கள். சும்மா என்றால் விட மாட்டார்கள். படித்த கல்லூரியின் நூலகத்துக்குப் போகிறேன் என்பது பெற்றோர் மறுக்காத காரணம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்குக் கட்டணமும் இல்லை. நேர்காணலுக்கு எடுத்த சுடிதாரை அலமாரியில் மடித்து வைத்துவிட்டு, சாதாரண உடையில் போய் உட்கார்ந்து, யாரும் எடைபோடாமல் ஒரு மத்தியானம் தனக்குப் பிடித்ததைப் படிக்கும் வாய்ப்பு வேலை தேடும் காலத்தில் வேறு எங்கே கிடைக்கும்? மதிப்பெண்ணுக்காக இல்லாமல், தானாகத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் பழக்கம் உறுதிப்படுவதும் இந்த வயதில்தான். அப்போது விட்டுப்போனால், பிறகு சம்பளமும் குடும்பமும் வந்த பின் அதை மீட்டவர்கள் குறைவு.

உயர்கல்வித் துறை இதற்குப் புதுத் திட்டம் தீட்ட வேண்டியதில்லை, பெரிய நிதியும் வேண்டாம். ராணி மேரி, மாநிலக் கல்லூரி, காயிதே மில்லத், நந்தனம் ஆகிய நான்கு அரசுக் கல்லூரிகளில் அடுத்த கல்வியாண்டிலேயே சோதனையாகத் தொடங்கி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் திரும்பவில்லை என்பதை ஓராண்டு கழித்து வெளிப்படையாகச் சொல்லட்டும். விவேகானந்தா, ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ் போன்ற கல்லூரிகள் அரசாணைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆட்சிமன்றக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்க முன்வர வேண்டும். இந்த ஆண்டு பட்டம் பெறும் பிள்ளைகளின் பெற்றோரே, மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும்போது இந்தக் கோரிக்கையைக் கல்லூரி முதல்வரிடம் எழுதியே கொடுத்துவிட்டு வாருங்கள்.