அணி உடையும் இடம்

1974இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு, தன் கற்பனை உலகத்து உயிர்களை ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம், இரண்டுக்கும் நடுவில் என்று மூன்றாகப் பிரித்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி அதற்குள் வாழ்ந்து பார்க்கும் ஆட்டம் இது. இன்று இவ்வகை ஆட்டங்கள் பல நாடுகளில் ஆடப்படுகின்றன. அந்தப் பிரிவினையின் வேர், போல் அண்டர்சனின் நாவலொன்றிலும் மைக்கேல் மூர்கொக்கின் எல்ரிக் கதைகளிலும் இருக்கிறது. ஒழுங்கு மட்டுமே வென்ற உலகமும் உறைந்துபோன உலகந்தான் என்று கண்டவர் மூர்கொக். சமநிலையே அவருக்குப் பெரிது. ஆட்டமேசைக்கு வந்து சேர்ந்தபோது அந்த நுட்பம் தேய்ந்து, இரண்டு படைக்கு இரண்டு கொடி என்ற அளவில் நின்றுவிட்டது. தமிழில் இத்தகைய உலகங்களைப் படைக்க முனைகிறவர்கள் இந்தக் கொடிகளை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது எமது நிலைப்பாடு. ஒவ்வொரு படையும் தனக்குள் ஓர் ஒழுங்கைச் சுமந்துகொண்டுதான் களத்துக்கு வருகிறது. அது எந்த இடத்தில், யாரால், எதற்காக உடைகிறது என்பதே போரின் கதை.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. இலங்கையின் பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலி ஆற்றின் அக்கரையில் இருக்கிறது கன்னொறுவை. 1638 மார்ச் 28ஆம் திகதி தியோகு த மெலோவின் தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படை அங்கேதான் அழிந்தது. அது கண்டி நகருக்குள் நுழைந்தபோது நகர் வெறிச்சோடிக் கிடந்தது. மக்களும் மன்னரும் முன்பே காட்டுக்குள் விலகியிருந்தார்கள். நகரைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் படையை வளைத்துக்கொண்டார்கள். ஐரோப்பியப் போர்முறையும் துப்பாக்கி அணிவகுப்பும் அறிந்த படை அது. ஆனால் அதன் பெரும்பகுதி கரையோரச் சிங்களவர்களான லஸ்கரின் வீரர்கள். அவர்கள் விலகி மன்னரின் பக்கம் போனதும் நடுவில் நின்ற ஐரோப்பியர் தனித்துப்போனார்கள். தப்பியவர்கள் முப்பது சொச்சம் பேர் என்று சொல்லப்படுகிறது. தியோகு த மெலோவும் களத்திலேயே மடிந்தார்.

இது ஒருமுறை நேர்ந்த விபத்தல்ல. 1594இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத தந்துறையில், பேதுரு லொப்பேஸ் த சூசாவின் படையும் இவ்வாறே சிதறியது. அங்கே துரோகம் செய்வான் என்ற ஐயத்தில் தம் கூட்டாளியான ஜயவீர பண்டாரவைப் போர்த்துக்கேயரே கொன்றார்கள். அவனை நம்பி வந்த லஸ்கரின்கள் அதன் பிறகு நிற்க மறுத்தார்கள். 1630இல் ரந்தெனிவெலவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இறந்தபோதும் லஸ்கரின்களின் விலகலே முடிவைத் தீர்மானித்தது. நாற்பத்துநான்கு ஆண்டுகளில் மூன்று படைகள் ஒரே மூட்டில் முறிந்தன. வெளியிலிருந்து வந்த எந்தப் பூதமும் அவற்றை உடைக்கவில்லை. கூலியாலும் அச்சத்தாலும் கட்டிவைத்த ஒழுங்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தளபதிகள் கணக்கிடத் தவறினார்கள். தந்துறையில் அந்தக் கட்டை அவிழ்த்தது அவர்களுடைய கையேதான்.

இவ்வகையில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கு முன்னோடியான 'செயின்மெயில்' (1971) ஒரு நல்ல விதியைத் தந்தது. பெரும்போரில் ஒரு பொம்மை இருபது வீரருக்குச் சமம். இழப்பு ஓர் அளவைத் தாண்டினால் அணி நிற்குமா ஓடுமா என்று பகடை உருட்டிப் பார்க்கவேண்டும். எமக்கு அதுவே பெரும்போரின் நடு விதியாகத் தோன்றுகிறது. ஆனால் இழந்த தலைகளை மட்டும் எண்ணினால் கன்னொறுவை விளங்காது. சம்பளப் பாக்கி, தலைவனின் சொல், எதிர்ப்படையில் நிற்கும் உறவு, இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் இல்லாமை, இவையும் அந்தப் பகடையில் ஏறவேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் மோதும் களத்தை ஆறு பேர் அமர்ந்த மேசையில் எப்படி நடத்துவது என்று கேட்பார்கள். ஒவ்வொரு வெட்டையும் கணக்கிட்டால் விடிந்தாலும் முதல் நாழிகை முடியாது. கணக்கைச் சுருக்கினால் பாத்திரமேற்றவர்கள் காணாமல் போவார்கள். நியாயமான கேள்வி. இதற்கான விடை எங்கள் கூத்தில் இருக்கிறது. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். மட்டக்களப்பில் விடியவிடிய ஆடப்படுவதைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். சி. மௌனகுரு இராவணனாக ஆடிய 'இராவணேசன்' 1964இல் வந்தது. கூத்தில் சேனை எங்கும் தெரியாது. இருவர் எதிரெதிரே நின்று பாட்டால் வாதிடுகிறார்கள், தாளம் விரைகிறது, இடம் மாறிச் சுற்றுகிறார்கள். மத்தளத்தின் ஒலியிலும் பிற்பாட்டுக்காரர் குரலிலும் பதினெட்டு அக்குரோணிப் படையும் கேட்கிறது. அளவைப் பொம்மைகளால் காட்டாமல் தாளத்தால் காட்டுகிற இந்த முறையை ஆட்டத்தை நடத்துபவர் கைக்கொள்ளலாம். களத்தில் மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்து, பாத்திரமேற்றவர்களை அங்கே நிறுத்தி, மீதிக் களத்தைச் செய்தியாகவும் ஓசையாகவும் வரவிடுவது. அங்கே அவர்கள் எடுக்கும் முடிவு அணி நிற்பதையோ கலைவதையோ தீர்மானிக்கவேண்டும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துக்கொண்டே ஆட்டக்காரரின் மூச்சையும் பார்ப்பார். ஆட்டத்தை நடத்துபவருக்கும் அந்த இரட்டைக் கவனம் வேண்டும்.

மாபாரதமே இந்த வாதத்தின் வலிமையான சாட்சி. போருக்கு முன் இரு தரப்பும் விதிகளுக்கு உடன்பட்டன: சமமானவரோடு சமமானவர் பொரவேண்டும், ஆயுதமிழந்தவரைத் தாக்கக்கூடாது, பொழுது சாய்ந்தால் நிறுத்தவேண்டும். பதின்மூன்றாம் நாள் பலர் கூடி அபிமன்யுவைக் கொன்றார்கள். பதினான்காம் நாள் போர் இரவுக்குள் நீண்டது. பதினைந்தாம் நாள் பொய்ச் செய்தியால் துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார். பதினேழாம் நாள் புதைந்த சக்கரத்தைத் தூக்க முனைந்த கர்ணன் வீழ்ந்தான். பதினெட்டாம் நாள் துரியோதனனின் தொடை உடைந்தது. அறத்தின் பக்கம் என்று பெயர்பெற்றவர்களும் இதில் பங்காளிகள். முடிவில் அசுவத்தாமன் உறங்கும் பாசறைக்குள் புகுந்தபோது விதி என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஒழுங்கின் படை எது, குழப்பத்தின் படை எது என்று இந்தக் கதையில் முத்திரை குத்த முயன்றவருக்குப் பாதியிலேயே மை தீர்ந்துவிடும்.

தெளிவான பகைவன் இருப்பதில் ஓர் இன்பம் உண்டு, களைத்த மனிதருக்கு மாலைப்பொழுதில் அது போதாதா என்ற ஆட்சேபம் உண்டு. அந்த இன்பத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் அந்தப் பெயர்கள் அவ்வளவு இலேசானவையல்ல. 1947இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவற்றின் நிழலில் வளர்ந்த எமக்கு, ஒழுங்கு என்ற பெயரை யார் தமக்கு எடுத்துக்கொண்டார்கள், குழப்பம் என்ற பெயர் யார் மீது ஒட்டப்பட்டது என்பது தெரியும். போரிட்ட இயக்கங்களும் தமக்குள் பிளந்து ஒருவரையொருவர் அழித்தன. அதையும் நாம் மறைக்க முடியாது. பிறந்த கணத்திலேயே குழப்பத்துக்கு எழுதிவைக்கப்பட்ட ஓர் இனத்தைக் கற்பனை உலகில் வைப்பது, வெட்டிச் சாய்ப்பதற்கு முன்கூட்டியே மன்னிப்பு வழங்குவதாகும். பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பழகவேண்டாம்.

இன்னொன்றையும் வடிவமைப்பவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். குருக்ஷேத்திரத்தில் கௌரவர் பக்கம் மூவரும் பாண்டவர் பக்கம் எழுவருமே முதன்மை வீரரில் எஞ்சினார்கள். ஆனாலும் பாரதம் அங்கே முடியவில்லை. பதினெட்டுப் பருவங்களில் மிக நீண்டது போருக்குப் பின் வரும் சாந்தி பருவம்: அம்புப்படுக்கையில் கிடக்கும் வீடுமர், ஆட்சி நடத்தத் தயங்கும் தருமருக்கு அரசியலைச் சொல்லிக்கொடுக்கிறார். அதற்கு முன்னே, களத்தில் உடல்களைத் தேடும் பெண்களின் பருவம் வருகிறது. எனவே பெரும்போருக்கு விதி எழுதுகிறவர், போர் முடிந்த மறுநாளுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கட்டும்: கைதிகளை என்ன செய்வது, கலைந்த அணியிலிருந்து திரும்பி வருகிறவனை எந்த முகத்தோடு ஏற்பது, எரிந்த வயலில் அடுத்த போகத்துக்கு விதைநெல் யார் கொடுப்பது. பாத்திரமேற்றவர்கள் அந்தப் பக்கங்களையும் பகடையோடு ஆடிக் கடக்கட்டும்.