கல்வி வழிகாட்டி: மருத்துவக் கல்லூரிக்கு ஓர் இடைப்படிக்கட்டு



நம் நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர வழியுண்டு. அமெரிக்காவின் முறை வேறு. பெரும்பாலோர் அங்கு நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே மருத்துவக் கல்லூரியின் வாயிலை அணுகுகின்றனர். அதன்பின் மேலும் நான்காண்டுகள். 2023ஆம் ஆண்டில் எம்.டி. படிப்பிற்கு 52 ஆயிரத்திற்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். இடம் பெற்றுச் சேர்ந்தோர் ஏறத்தாழ 23 ஆயிரம் பேரே. சேர்ந்தவர்களின் பட்டப்படிப்புச் சராசரிப் புள்ளி, 4க்கு 3.77 ஆகும்.

பதினெட்டு வயதில் வேதியியலில் சறுக்கி, இருபத்திரண்டில் விழித்துக்கொண்ட பிள்ளையின் நிலை என்ன? இத்தகையோருக்கெனவே உயிர்மருத்துவ அறிவியலில் முதுநிலைப் படிப்புகள் தோன்றின. வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1970களில் தொடங்கிய உடலியங்கியல் படிப்பு இவற்றுள் முன்னோடி எனலாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய படிப்பு உண்டு. இவற்றுள் தரமானவற்றில், முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களையே இவர்களும் பயின்று, அவர்கள் எழுதும் தேர்வுகளையே எழுதுகின்றனர். மருத்துவப் பாடத்தின் சுமையைத் தம்மால் தாங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஆயினும் பெற்றோர் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் முதுநிலை மதிப்பெண் தனியே காட்டப்படுமேயன்றி, இளநிலைச் சராசரியோடு சேர்க்கப்படுவதில்லை. 120 அலகுகளில் 3.0 பெற்ற மாணவர், பட்டத்திற்குப் பின் இளநிலைத் தரத்திலேயே மேலும் 30 அலகுகள் பயின்று 4.0 பெற்றால், அவருடைய சராசரி 3.2 ஆக உயரும். அதே 30 அலகுகளை முதுநிலையில் பயின்றால் பழைய 3.0 அப்படியே நிற்கும். ஆகவே அறிவியல் பாடங்களைக் குறைவாகப் பயின்றவரும், சராசரி மிகவும் தாழ்ந்தவரும் முதலில் இளநிலைப் பாடங்களை நாடுவதே நலம். செலவும் பெரும்பாலும் குறைவு. இளநிலையில் ஓரளவு நன்றாகப் படித்தும் வாயிலருகே நின்றுவிட்டவருக்கே முதுநிலைப் படிப்பு பொருந்தும். எம்காட் நுழைவுத் தேர்வில் மட்டும் பின்தங்கியவர் அத்தேர்வை மீண்டும் எழுதுவதை விடுத்து இதில் பணத்தைக் கொட்டுவது வீண்.

இதிலும் சறுக்கினால் நிலைமை முன்னைவிட மோசமாகும். “மருத்துவப் பாடம் இவருக்கு ஒத்துவராது” என்பதற்குத் தாமே சான்று தேடிக் கொடுத்தது போலாகிவிடும்.

காலக்கணக்கையும் கருத வேண்டும். விண்ணப்பம் கோடையில் தொடங்குகிறது. கல்லூரியில் சேர்வதோ மறு ஆண்டில். முதுநிலையில் நுழையும் கோடையிலேயே விண்ணப்பித்தால் காட்டுவதற்குப் புதிய மதிப்பெண் எதுவும் இராது. படிப்பை முடித்து விண்ணப்பித்தால் இடையில் ஓராண்டு காத்திருக்க நேரும்.

கடன் வாங்கிப் படிப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். முதுநிலை மாணவர்க்கு முழுச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு அமெரிக்க அரசு வழங்கி வந்த கடன் திட்டம், 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இல்லை. இத்தகைய முதுநிலைப் படிப்பிற்கு ஆண்டுக்கு 20,500 டாலரே உச்சவரம்பு. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் பல இடங்களில் இத்தொகை போதாது.

இங்கிருந்து மாணவர் விசாவில் செல்ல எண்ணுவோருக்கு ஒரு சொல்: அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களை அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுள் பெரும்பாலானவை ஏற்பதில்லை. முதுநிலையில் இடம் கிடைத்துவிட்டது என்பதால் மருத்துவக் கதவும் திறந்துவிட்டதாகக் கருதலாகாது.

அங்கு வாழும் நம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் இதில் சேர விரும்பினால், “எங்கள் மாணவர்களில் இத்தனை விழுக்காட்டினர் மருத்துவராயினர்” என்னும் விளம்பரத்தைக் கண்டவுடன் ஒன்றைக் கேட்கட்டும்: அக்கணக்கு, சேர்ந்த அனைவரையும் கொண்டதா, இறுதிவரை நின்று நல்ல மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் கொண்டதா? சில கல்லூரிகள் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றோருக்கு நேர்முகத் தேர்வு உறுதி என்கின்றன. அங்கு உறுதியளிக்கப்படுவது நேர்முகத் தேர்வே, இடமன்று.