விளையாட்டுக்குத்தானே!

"விளையாட்டுக்குத்தானே!" என்று நான் அலட்சியமாகச் சொன்ன ஒரு வார்த்தையின் விலை 48,000 ரூபாய். அதில் 30,000 என்னுடைய பணமல்ல, என் மகனுடையது. என் பணம் போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவன் பணம் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

2023-ஆம் வருஷம் அவன் பிளஸ் டூ முடித்தான். கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். படிப்பதற்கு என்று பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. விளையாடுவதற்கு என்றே சொன்னான். தீபாவளிக்குத் தீபாவளி பாட்டி கொடுத்தது, பேச்சுப் போட்டியில் வாங்கியது, உறவினர்கள் கையில் திணித்தது என்று ஐந்து வருஷமாகச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். மீதியை நான் போடுவதாக ஏற்பாடு. என்னென்ன உறுப்புகள், என்ன விலை என்று நோட்டுத் தாளில் ஒரு பட்டியலும் எழுதியிருந்தான். நான் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். படிக்கவில்லை.

மவுண்ட் ரோடிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். அந்தச் சந்தில் கிடைக்காத மின்சாமான் கிடையாது என்பார்கள். கடைக்காரர் பட்டியலைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"பசங்க யூடியூப்ல பார்த்து எழுதிட்டு வர்றாங்க சார். கார்டுக்கே 21,000 போட்டிருக்கு பாருங்க. இதைவிடக் குறைச்ச காசுக்கு ஐ7 போட்டுத் தர்றேன். 16 ஜிபி ராம், 4 ஜிபி கார்டு, கண்ணாடி கேபினட், கலர் கலரா லைட்டு."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "ஒரு கார்டுக்கு 21,000-ஆ? விளையாட்டுக்குத்தானேடா!" என்றேன். அவன் பேசாமல் இருந்துவிட்டான்.

"எஸ்.எம்.பி.எஸ். நல்லதாப் போடணும்பா" என்று மட்டும் மெல்லச் சொன்னான். "அது கேபினட்டோடயே வருது தம்பி" என்றார் கடைக்காரர். இலவசம் என்ற சொல்லைக் கேட்டபிறகு நம் ஜாதிக்கு வேறென்ன வேண்டும்? வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் கூடத்து மூலையில் அது ஏழு வர்ணத்தில் ஜொலித்தது. எதிர் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பிரமாதம் சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மகன் மட்டும் சந்தோஷப்படவில்லை. மெக்சிகோ தேசத்துச் சாலைகளில் கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று, ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்று பெயர், 2021-ல் வந்தது. அதற்காகத்தான் அவன் ஆசைப்பட்டான். அந்தக் கார் எங்கள் வீட்டில் ஓடவில்லை. நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது.

எட்டாம் மாதம் ஒரு மழை இரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாசனை. மறுநாள் பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ். போனதோடு மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார். என் முகத்தைப் பார்த்த மகன் எனக்குச் சமாதானம் சொன்னான்.

"பரவாயில்லப்பா. விளையாட்டுக்குத்தானே."

அவன் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் சுட்டது.

அன்று ராத்திரி அந்தப் பட்டியலைத் தேடியெடுத்து முதல் தடவையாகப் படித்தேன். புரியாததை அவனிடமே கேட்டேன். அவன் சொல்லித் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் நான் செய்த அசட்டுத்தனத்தை இந்த வாரமும் யாரோ ஒரு தகப்பன் செய்துகொண்டிருப்பான்.

சாதாரண மானிட்டர் ஒன்றில் அகலத்துக்கு 1,920, உயரத்துக்கு 1,080 என்று 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விளையாட்டு தடங்கலில்லாமல் ஓட, விநாடிக்கு 60 படங்களாவது வரைந்தாக வேண்டும். அதாவது விநாடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு வர்ணம் தீட்ட வேண்டும். இந்த வேலை முழுக்கக் கார்டினுடையது. கார் எங்கே திரும்பிற்று, எதன்மேல் மோதிற்று என்று கணக்குப் போடுவது பிராசஸர். அதைப் படமாக்குவது கார்டு. பத்திரிகைத் தொடர்கதையில் எழுத்தாளனும் ஓவியரும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளன் எவ்வளவு பிரபலமானவனாக இருந்தால் என்ன? ஓவியர் கை ஓடவில்லையென்றால் இதழ் வெளியே வராது.

நான் ஓவியருக்குக் கூலி கொடுக்க மறுத்துவிட்டு, எழுத்தாளனின் பெயருக்குப் பணம் கொடுத்தவன்.

அந்தப் பெயராவது நிஜமா? 'ஐ7' என்பது 2008-ல் இண்டெல் கம்பெனி தன் உயர்ந்த வரிசைக்கு வைத்த பெயர். எந்த வருஷத்து ஐ7 என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது 2013-ல் வந்த நாலாம் தலைமுறை. 2022-ல் வந்த ஐ3 12100 என்ற கீழ் வரிசைப் பிராசஸர் அதைச் சுலபமாக முந்திவிடும். ஓய்வு பெற்ற ஜில்லா கலெக்டரைக் கொண்டுவந்து அலுவலகத்தில் உட்காரவைத்து, கலெக்டர் வந்திருக்கிறார் என்று சொன்ன கதை இது.

'4 ஜிபி கார்டு' என்பது இதைவிட வேடிக்கை. அது ஜி.டி. 730. என்விடியா கம்பெனி 2014-ல் வெளியிட்டது. அதே கம்பெனி, அதே 2014-ல், அதே 4 ஜிபி நினைவகத்தோடு ஜி.டி.எக்ஸ். 970 என்ற கார்டையும் வெளியிட்டது. முன்னதில் கணக்குப் போடும் கருக்கள் அதிகபட்சம் 384, பின்னதில் 1,664. மெக்சிகோ விளையாட்டைத் தயாரித்தவர்கள் குறைந்தபட்சத் தேவை என்று கேட்டதே இந்த 970-ஐத்தான். நான் '4 ஜிபி'யைக் கேட்டேன். '4 ஜிபி' கிடைத்தது. பாத்திரத்தின் அளவைக் கேட்டுவிட்டு, சமைக்கிறவனை மறந்தேன்.

கம்பெனிகள் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஜி.டி. 1030 என்ற கார்டு 2017-ல் வந்தது. மறு வருஷம் அதே பெயரில், மெதுவான நினைவகத்தோடு இன்னொன்றை விட்டார்கள். நினைவகத்தின் வேகம் விநாடிக்கு 48 ஜிபியிலிருந்து 16.8-க்கு இறங்கியது, பெட்டியின்மேல் பெயர் மாறவில்லை. ஆகவே பெயரை வாங்குகிறவன் எந்தக் கடையிலும் ஏமாறத்தான் செய்வான்.

இனி அந்த இலவச எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக்கி எல்லா உறுப்புகளுக்கும் பரிமாறுவது அதுதான். பெட்டிக்குள் எல்லோரையும் தொடுகிற உறுப்பு. அது கெட்டால் யாரைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. என்னுடையதில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கவாட்டிலிருந்த சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட் பந்தியில்தான். பாதி இலைக்குமேல் பொய். '80 பிளஸ்' என்ற முத்திரை 2004 முதல் இருக்கிறது. அது மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாக மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல. என் பெட்டியில் அந்த முத்திரைகூட இல்லை.

மகனுடைய பட்டியலில் என்ன இருந்தது? மொத்தப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு ஆர்.எக்ஸ். 6600 என்ற கார்டு. ஐந்தில் ஒரு பங்குக்கு ரைசன் 5 5600 பிராசஸர். அதற்கு விசிறி பெட்டிக்குள்ளேயே வரும். மதர்போர்டு ஏ.எம்.4 வகை, அந்த வகை 2016-ல் வந்தது, அதற்கு 2022-லும் புதிய பிராசஸர்கள் வெளியாயின. நினைவகம் 16 ஜிபி, ஒரே துண்டாக இல்லாமல் எட்டு எட்டாக இரண்டு. இரண்டு பாதையில் போய்வந்தால் வேகம் கூடும் என்று குறிப்பு. கார்டு 132 வாட், பிராசஸர் 65 வாட், மற்றவை ஒரு 50 என்று கூட்டி, 550 வாட்டில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். போதும், 850 வேண்டாம் என்று அடிக்கோடிட்டிருந்தான். கடைசி வரியில் 'கேபினட்: எது மலிவோ அது, காற்று போனால் போதும்' என்று இருந்தது.

பதினேழு வயதுப் பையன் எழுதிய இந்தப் பட்டியலில் இருந்த விவேகம், நாற்பதைக் கடந்த எனக்கு ஏன் இல்லை? புத்தி இல்லாததாலா? இல்லை. மதிப்பு இல்லாததால். அவன் அந்தக் காரியத்தை மதித்தான். அதனால் அதற்கு என்ன தேவை என்று கேட்டான். நான் மதிக்கவில்லை, அதனால் கேட்கவில்லை. கேட்காதவனுக்குக் கண்ணில் படுவது வெளிச்சமும் காதில் விழுவது பெயரும்தான். கடைக்காரரைத் திட்டி என்ன பயன்? அவர் என் அலட்சியத்துக்குத் தகுந்த சாமானைக் கொடுத்தார்.

"என்ன இருந்தாலும் விளையாட்டு ஒரு காரியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாவல் படிக்கிறவர்களாகிய நீங்கள் அதைக் கேட்கலாமா? நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்றும், கதை வாசிக்கிற பையன் உருப்படமாட்டான் என்றும் சொன்ன வீடுகளிலிருந்துதானே நம்மில் பலர் வந்திருக்கிறோம்? பாடப் புத்தகத்துக்குள் தொடர்கதையை ஒளித்துப் படித்தவன்தான் நான். அளவுக்கு மீறினால் எதுவும் கெடுதல். அதைக் கண்டித்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு. ஆனால் சரி என்று சொல்லிவிட்டு, பாதி மனசோடு, பாதி சாமான் வாங்கிக் கொடுக்கும் உரிமை மட்டும் இல்லை. அது சிக்கனமல்ல; அவமதிப்பு. அந்த அவமதிப்புக்கு நாம்தான் ஊதாரித்தனமாகச் செலவு செய்கிறோம்.

இந்த வருஷம் மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனோம். பணம் முழுவதும் என்னுடையது, பட்டியல் அவனுடையது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். இப்போது கூடத்து மூலையில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி நிற்கிறது. விளக்கு ஒன்றும் எரியவில்லை. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழையது மாதிரி இல்லையே சார்" என்றார்.

"இல்லை" என்றேன். உள்ளே மெக்சிகோவில் கார் ஓடிக்கொண்டிருந்தது.